ஒரு வசனமும் ஒரு சாக்குப் புத்தகமும்

கொழும்பில் அந்தக் கட்டடத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு பரீதா வெளியே வந்தபோது நான் மீன் அடைத்த மாலுபாண் ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தேன். நல்ல செய்தியை வெறும் வயிற்றோடு கேட்கக்கூடாது என்று தெருமுனைக் கடையில் வாங்கியது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நேரே போய்த் தன் ராத்தாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ராத்தா என்றால் என் மனைவி ஜெஸீமா. பரீதா அவளுடைய ஒரே தங்கை. நான் பரீதாவுக்கு மச்சான். அதோடு, அன்று அவள் எழுதப்போன, இல்லை, பேசப்போன ஆங்கிலப் பரீட்சைக்கு அவளைத் தயார்படுத்திய ஆசிரியனும் நான்தான்.

"என்ன கேட்டாங்க?" என்றேன்.

பரீதா ராத்தாவின் தோளை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"நான் சொல்லித் தந்ததெல்லாம் ஒழுங்கா வந்திச்சா?"

ஜெஸீமா தங்கையின் தலைக்கு மேலால் என்னைப் பார்த்தாள். "கொஞ்சம் சும்மா இரிங்க" என்றாள்.

வாடகைக்குப் பிடித்த வான் எங்கள் ஊரான சாய்ந்தமருதுக்கு வந்து சேரும்வரை நான் சும்மாதான் இருந்தேன். என் கலியாண வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் கதைக்காமல் இருந்தது அதுவே முதல் தடவை. மலைப்பாதைத் திருப்பங்கள் எல்லாம் தாண்டி வயல்வெளி தெரியத் தொடங்கியபோது, சாரதி கண்ணாடியில் என்னைப் பார்த்து, "சேருக்குச் சுகமில்லையா?" என்று ஜெஸீமாவிடம் கேட்டார்.

தையல் மெசினில் சாய்த்துவைத்த கணவன்

அந்தப் பரீட்சை ஏன் என்று சொல்லிவிடுகிறேன். பரீதாவின் கணவர் றபீக் லண்டன் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறார். கலியாணம் முடித்த அடுத்த வருடமே போனவர். நடுவில் இரண்டு பெருநாளுக்கு வந்து போனார். அவ்வளவுதான். மற்றபடி அவர் வாழ்ந்ததெல்லாம் பரீதாவின் போனுக்குள்.

பரீதா அபாயா தைப்பவள். பின்னேரத்தில் போனைத் தையல் மெசினில் சாய்த்து வைத்துவிட்டுத் தைப்பாள். இரவு வேலை முடித்துக் களைத்து வந்த மனிதர் கதைத்துக்கொண்டே நித்திரையாகிவிடுவார். அவள் போனை நிறுத்தமாட்டாள். அங்கே குறட்டை, இங்கே மெசின் சத்தம். அந்த இரண்டு சத்தமும் சேர்ந்து மதிலுக்கு மேலால் பக்கத்திலிருக்கும் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். அதுதான் அவர்கள் குடும்பம் நடத்திய விதம்.

கடைசியில் றபீக்குக்கு மனைவியைக் கூப்பிடுவதற்கான வழி கிடைத்தது. ஒரே ஒரு நிபந்தனை: பரீதா ஒரு பரீட்சகர் முன்னால் இருந்து ஆங்கிலத்தில் நாலு வார்த்தை கதைத்துச் சித்தியடைய வேண்டும். பெயர், ஊர், வீடு, குடும்பம், சாப்பாடு. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

"அதுக்கு என்ன, நான் இருக்கன் தானே" என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

என்னுடைய அசையாச் சொத்து

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். எங்கள் கரையோர ஊர்களில் பெண் கலியாணம் முடித்துப் புருசன் வீட்டுக்குப் போவதில்லை. பெண்ணைப் பெற்றவர் வீடு கட்டிக் கொடுப்பார், மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார். நானும் அப்படி வந்தவன்தான்.

என் மாமனார் இரண்டு மகள்மாருக்கும் ஒரே வளவில், ஒரு பாதி மதிலை நடுவில் வைத்து, இரண்டு வீடு கட்டினார். நான் இருக்கும் வீடு ஜெஸீமாவுடையது. கூரை அவளுடையது, கிணறு அவளுடையது, முற்றத்துப் பிலா மரம் அவளுடையது. விறாந்தையில் கிடக்கும் பிரம்புக் கதிரை மட்டும் நான் கொண்டுவந்தது. கோபம் வந்தால் மற்ற ஆண்கள் "என் வீட்டை விட்டுப் போ" என்று சொல்வார்களாம். நான் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பிலா மரத்தின் கீழே போடுவேன். அதுவும் அவளுடைய நிழல்தான்.

இந்த விளக்கம் பிறகு தேவைப்படும். பரீதாவுக்குப் படிப்பித்த நேரத்தில் எனக்குத் தோன்றாமல் போனதும் இதுதான்.

ஒரு வசன சேர்

பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கும் எனக்கு ஊரில் 'ஒரு வசன சேர்', அதாவது ஒரு வாக்கிய ஆசிரியர், என்று பட்டப்பெயர். ஒரு வசனத்தைப் பிடித்தால் ஒரு கிழமைக்கு விடமாட்டேன். எழுவாய் எங்கே, வினை எங்கே, இந்தச் சொல்லைச் சொல்லும்போது நாக்கு பல்லில் படுகிறதா, அண்ணத்தில் படுகிறதா. பிள்ளைகள் பரீட்சையில் நல்ல புள்ளி வாங்குவார்கள். ஆங்கிலத்தில் ஒரு கோப்பை தண்ணீர் கேட்கச் சொன்னால் தாகத்தோடு வீட்டுக்குப் போவார்கள்.

ஆசிரியர் கலாசாலையில் இதற்கு ஆழ முறை என்று பெயர். கொஞ்சத்தை எடுத்து அடிவரைக்கும் தோண்டுவது. அதற்கு எதிர்ப்பக்கம் அகல முறை. லேசான புத்தகங்களை அள்ளிக் கொடுத்து, விளங்காத சொல்லுக்கு நிற்காமல், கதையோடு போகவிடுவது. வேற்று மொழி படிப்பிப்பவன் இரண்டையும் கலக்க வேண்டும் என்று விரிவுரையாளர் சொன்னார். அந்தக் கேள்வி பரீட்சையிலும் வந்தது. பக்கம் பக்கமாக எழுதினேன். எழுதி முடித்த பேனையோடு அதையும் மூடி வைத்துவிட்டேன்.

என் முதல் நியமனம் இறக்காமத்தில். கரும்பலகையில் 'யானை வயலுக்குள் வந்தது' என்று ஆங்கிலத்தில் எழுதி நாட்கணக்காக அறுத்தேன். ஒரு நாள் கடைசி வாங்கிலில் இருந்த பிள்ளை எழும்பி, "சேர், வந்த யான மறுகா என்ன செஞ்ச?" என்று கேட்டது.

"அது பாடத்தில இல்ல. இரி" என்றேன்.

யானை பிறகு என்ன செய்தது என்று பார்க்க, முழு வகுப்புக்கும் அந்த யானையோடு போக ஆசை இருந்தது. நான்தான் அதை வயல் வரம்பிலேயே கட்டிப் போட்டிருந்தேன். அந்த யானை இன்னும் அங்கேதான் நிற்கிறது என்று ஜெஸீமா இப்போதும் சொல்லிக் காட்டுவாள்.

இன்னொரு முறை பொத்துவிலுக்குக் கலியாண வீடொன்றுக்குப் போயிருந்தோம். அறுகம்பைப் பக்கமிருந்து அலைச்சறுக்குப் பலகையோடு வந்த வெள்ளைக்காரப் பையன் ஒருவன் பஸ் தரிப்பிடம் எங்கே என்று என்னிடம் கேட்டான். கலியாண வீட்டுக்காரர் எல்லாரும் பெருமையோடு என்னைப் பார்த்தார்கள். நான் வசனத்தை மனதுக்குள் கட்டத் தொடங்கினேன். பஸ் தரிப்பிடத்தை எழுவாயாக வைப்பதா, அவனை எழுவாயாக வைப்பதா? வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் வரவில்லை. நெற்றி வியர்த்தது. பையன் பயந்துபோய் என்னைக் கைத்தாங்கலாகக் கதிரையில் இருத்தி, தன் தண்ணீர்ப் போத்தலைக் குடிக்கத் தந்துவிட்டுப் போனான். தண்ணீரைக் குடித்து முடித்தபோது வசனம் வந்துவிட்டது. மிகச் சரியான வசனம்.

இப்பேர்ப்பட்ட ஆள்தான் பரீதாவுக்குப் பொறுப்பேற்றேன்.

ஒரு பழைய பாடநூலிலிருந்து ஒரு டசின் மாதிரிப் பதில்களை எடுத்தேன். ஒன்றின் வாலில் மற்றது தொடங்கும்படி மணிமாலைபோல் கோத்தேன். குர்ஆன் அத்தியாயங்களான சூறாக்களைப் பாடமாக்கிப் பழகிய ஊர் இது. தொடரில் ஓரிடம் தட்டினால் தலைப்பிலிருந்து மறுபடி தொடங்குவோம். ஆங்கிலத்துக்கும் அதுவே சரி என்று நினைத்தேன். மாலையின் முதல் மணி இதுதான்: "ஐ லிவ் இன் மை ஹஸ்பண்ட்ஸ் ஹவுஸ்." நான் என் கணவனின் வீட்டில் வசிக்கிறேன்.

எனக்கு அந்த வசனத்தில் ஒரு மோகம். சின்ன வசனத்துக்குள் எத்தனை இலக்கணம். அதை மட்டும் ஒரு மாதம் படிப்பித்தேன். பரீதா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொல்வாள், மதிலுக்கு இப்பால் ஜெஸீமா மீன் அரிந்துகொண்டே சொல்வாள். எங்கள் வளவில் அந்த வசனம் தெரியாத பூனை இல்லை.

முதல் நாளே பரீதா ஊசியை நிறுத்திக் கேட்டாள்: "மச்சான், இது சரியா?"

"நூற்றுக்கு நூறு சரி" என்றேன். நான் சொன்னது வசனத்தின் இலக்கணத்தை.

வாப்பா கட்டின வீடு

கொழும்பிலிருந்து தோற்று வந்த அடுத்த நாள், பகல் சாப்பாட்டில்தான் பரீதா வாயைத் திறந்தாள். ஜெஸீமா அவளுக்குப் பிடித்த சுறாப் புட்டு அவித்திருந்தாள். எனக்கும் வைத்தாள், ஆனால் தட்டை என் பக்கம் தள்ளவில்லை. நானே எட்டி எடுத்துக்கொண்டேன்.

"பரீட்ச எடுத்தவ நல்ல மனிசி ராத்தா. சிரிச்சிக் கேட்டா. உங்கட வீட்டைப் பத்திச் சொல்லுங்க எண்டா."

"மறுகா?"

"மச்சான்ட வசனம் நல்லா வந்திச்சு. ஐ லிவ் இன் மை எண்டு வரைக்கும் வந்திச்சு. அங்கால ஏலாமப் போயிட்டு."

"ஏன்? ஹஸ்பண்ட்ஸ்ஸில கடைசி எழுத்து…" என்று நான் தொடங்கினேன்.

"எழுத்து இல்ல மச்சான். அது வாப்பா கட்டின வீடு. எண்ட வீடு. அவர்தான் எண்ட வீட்டில வந்து இருந்தாரு. நோன்பு புடிச்சிக்கிட்டு, விசாக் காரியத்துக்கு, ஒரு மனிசிட முகத்தப் பாத்து எப்பிடிப் பொய் சொல்ற?"

பரீட்சை நாளில் அவள், கடமையில்லாவிட்டாலும் விரும்பிப் பிடிக்கும் சுன்னத்து நோன்பு பிடித்திருந்தது எனக்குத் தெரியாது.

"அது உதாரணத்துக்கு ஒரு வசனம், பரீதா."

"உதாரணத்துக்கு எண்டாலும் எண்ட தங்கச்சிட வீட்டை எழுதிக் குடுப்பீங்களா?" என்றாள் ஜெஸீமா.

முதல் மணி அறுந்ததும் மற்ற மணிகளும் கொட்டிவிட்டன. பரீட்சகர் அடுத்ததாக, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டிருக்கிறார். பரீதா அந்தப் பதிலைப் பிடிக்க மாலையின் தலைப்புக்குத் திரும்பிப் போயிருக்கிறாள். அங்கே அந்த வீடு நின்றது. மறுபடி போனாள், மறுபடி அதே வீடு. நேரம் முடிந்துவிட்டது. அந்த அம்மா எழும்பிக் கதவைத் திறந்துவிட்டு, பரீதாவின் முதுகைத் தடவி அனுப்பியிருக்கிறார்.

"அவருக்கு இன்னும் சொல்லல்ல" என்றாள் பரீதா. "நித்திரையில இருந்தாரு. எழுப்ப மனம் வரல்ல."

பாதிப் புட்டைத் தட்டிலேயே விட்டேன். சுறாவின் குற்றம் இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. என் கதிரையைத் தூக்கிக்கொண்டு பிலா மரத்தடிக்குப் போனேன்.

சாக்கோடு வந்தவர்

பின்னேரம் ஜெஸீமா தேத்தண்ணியோடு வந்து தீர்ப்புச் சொன்னாள். "இனி நீங்க படிப்பிக்க வாணாம். நஸ்ரின் டீச்சர்ட்ட அனுப்பப் போறன்."

நஸ்ரின் டீச்சர் அந்த வருடம்தான் எங்கள் பாடசாலைக்கு மாற்றலாகி வந்தவர். என்னைவிட நன்றாக இளையவர். வரும்போது உரச் சாக்கு ஒன்று நிறையக் கதைப் புத்தகம் கொண்டுவந்தார். மெல்லிசான புத்தகங்கள். நாய் காணாமல் போகிறது, நாய் கிடைக்கிறது. பெண் கடைக்குப் போகிறாள், மழை வருகிறது. ஒரு பக்கத்தில் நாலு வரி. பிள்ளைகள் அள்ளிக்கொண்டு போனார்கள்.

"அகராதியைத் தொடக்கூடாது" என்று அவர் வகுப்பில் சொன்னதை நான் பக்கத்து வகுப்பிலிருந்து கேட்டேன். எனக்குக் காது கொதித்தது. இடைவேளையில் ஆசிரியர் அறையில் வைத்து, "டீச்சர், விளங்காம வாசிக்கிறது படிப்பா?" என்று கேட்டேன்.

"விளங்கினதையே ஒரு மாசம் வாசிக்கிறது படிப்பா சேர்?" என்று அவர் கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். மற்ற ஆசிரியர்களும் சிரித்தார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அதற்குப் பிறகு ஆசிரியர் அறையில் நான் சுவரைப் பார்த்திருந்து தேத்தண்ணி குடிக்கத் தொடங்கினேன்.

அவரிடம்தான் பரீதா போனாள். நான் கவனிக்காதவன்போல் மதிலுக்கு இப்பால் இருந்து முழுவதையும் கவனித்தேன். மெசின் பக்கத்தில் புத்தகங்கள் குவிந்தன. துணி வெட்டும் மேசையில் ஒன்று, குசினி யன்னலில் ஒன்று. சோறு வேகும் நேரத்தில் ஒரு நாய் காணாமல் போய்க் கிடைத்துவிடும். ஒருநாள் ஒரு புத்தகத்தை வாசித்துவிட்டுத் தனியே சிரித்தாள். என் ஒரு மாத வசனத்தில் அவள் ஒருமுறைகூடச் சிரித்ததில்லை.

எனக்கு எரிந்தது. "நாய்க் கதை வாசிச்சி லண்டன் போகலாமாம்" என்று ஜெஸீமாவிடம் சொன்னேன். "உங்கட வசனத்தில ஏறி கொழும்புக்குத்தான் போகலாம், போய்த் திரும்பியும் வரலாம்" என்றாள்.

ஆனால் எனக்குச் சாதகமாகவும் ஒன்று நடந்தது. நஸ்ரின் டீச்சர் ஒருநாள் பரீட்சகர்போல் இருந்து கேள்வி கேட்டுப் பார்த்தாராம். பரீதாவுக்கு எல்லாம் விளங்கியது. பதில் சொல்லும்போது மட்டும் ஒரு சொல், அதன் பிறகு கை, அதன் பிறகு கண். ஒரு வசனம்கூட முழுதாக நிற்கவில்லை.

"விளங்குது டீச்சர். வாய்க்குள்ளதான் கட்டுப்படுதில்ல" என்று சொல்லி அழுதாளாம்.

இதை ஜெஸீமா வந்து சொன்னபோது நான் கவலைப்பட்டேன். உள்ளே கொஞ்சம் சந்தோசமும் பட்டேன். ஜெஸீமா அதைக் கண்டுபிடித்துவிட்டாள். அன்று இரவுச் சாப்பாடு பாணும் சம்பலும்தான்.

நோன்பு மாதத்துப் பாடம்

இரண்டாம் முறை பரீட்சைக்கு நோன்புப் பெருநாள் கழிந்து ஒரு நாள் குறிக்கப்பட்டது. றபீக் போனில், "அவசரமில்ல, மெதுவா வா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் ஒருநாள் மெசினில் சாய்ந்திருந்தபடியே, "இஞ்ச ரெண்டு கோப்பை வாங்கி வெச்சிரிக்கன்" என்று சொன்னது மதிலுக்கு இப்பால் கேட்டது. மெசின் சத்தம் அத்தோடு நின்றுபோனது. வெகுநேரம் தொடங்கவில்லை.

நோன்பு ஆரம்பித்து முதல் வெள்ளி, பின்னேர அசர் தொழுகைக்குப் பிறகு, பரீதா ஆள் அனுப்பினாள். அவளுடைய விறாந்தைக்குப் போனால் நஸ்ரின் டீச்சரும் இருக்கிறார். நான் கிறுகித் திரும்பிப் போகப் பார்த்தேன். "மச்சான், இரிங்க" என்றாள் பரீதா. நோன்பு திறக்கும் நேரத்துக்குக் கடப்பாசி இனிப்புக் காய்ச்சும் வாசம் குசினியிலிருந்து வந்தது. இரண்டு எதிரிகளும் ஆளுக்கொரு மூலையில் இருந்தோம்.

"நான் ஒண்டு கேக்கன், கோவிக்கப்படா" என்று தொடங்கினாள். "குர்ஆனோட வேற எதையும் ஒப்பிடல்ல, அஸ்தஃபிருல்லாஹ். நாம ஓதப் படிச்ச விதத்தத்தான் சொல்றன். மத்ரஸாவில ஒரு சின்ன சூறாவ எழுத்தெழுத்தா எத்தின நாள் திருத்தினாங்க?"

"மாசக்கணக்கா" என்றார் நஸ்ரின் டீச்சர்.

"நோன்பு வந்தா?"

"முழுசையும் ஓதி முடிப்பம்."

"ஓம். ஒரு மாசத்தில தமாம். அந்தச் சின்ன சூறாவில நாக்கு திருந்தினதாலதான் முழுசையும் ஓத ஏலுமா இருந்திச்சு. வருசா வருசம் முழுசையும் ஓதினதாலதான் நாக்கு திருந்தினபடியே நிண்டிச்சு. மச்சான் திருத்த மட்டும் செய்றாரு. டீச்சர் ஓட மட்டும் விடுறா. எனக்கு ரெண்டும் வேணும். நீங்க ரெண்டு பேரும் மூஞ்சத் திருப்பிக்கிட்டு இரிந்தா எனக்கு வாழ்க்க இல்ல."

கடைசி வசனத்தில் அவள் குரல் உடைந்தது.

கலாசாலைப் பரீட்சையில் நான் பக்கம் பக்கமாக எழுதியது இதைத்தான். அப்போது எனக்குத் தெரிந்திருந்தது விடை மட்டும். ஐந்து வயதில் மத்ரஸாப் பாயில் இருந்து இரண்டு முறையிலும் படித்தவனும் நானேதான். அதுவும் இதுவும் ஒன்று என்று இந்த வழுக்கை மண்டைக்கு ஒருநாளும் ஏறவில்லை.

நஸ்ரின் டீச்சர் என் பக்கம் பார்த்தார். "சேர், நான் சாக்க வெச்சிருக்கன். நீங்க ஒரு பக்கம் மட்டும் எடுங்க."

"ஒரு பக்கமா? முழுப் பக்கமா?" என்றேன். எனக்கு ஒரு பக்கம் பெரிய கடல்.

அப்படித்தான் தொடங்கியது. நாள் முழுக்கப் பரீதா சாக்கிலிருந்து வாசிப்பாள், நிற்காமல், அகராதி இல்லாமல். அசருக்குப் பிறகு அன்று வாசித்ததில் தனக்குப் பிடித்த ஒரு பக்கத்தை அவளே எடுத்துத் தருவாள். அந்தப் பக்கத்தில் மட்டும் எனக்கு அதிகாரம். நாக்கைத் திருத்தலாம், வசனத்தை அவிழ்க்கலாம், கட்டலாம். அதன்பிறகு அந்த வசனங்களை வைத்து அவள் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். டீச்சர் ஒரு சட்டம் போட்டார்: சொல்வது உண்மையாக இருக்க வேண்டும். மாதிரிப் பதில் கிடையாது.

முதல் நாள் வந்த பக்கம், ஒரு கிழவன் பூனையோடு வசிக்கும் கதை. பரீதா கொஞ்சம் யோசித்துவிட்டு ஆங்கிலத்தில் சொன்னாள்: என் ராத்தாவின் கணவர் என் ராத்தாவின் வீட்டில் வசிக்கிறார். அவருக்கு ஒரு கதிரை இருக்கிறது.

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மதிலுக்கு அப்பால் ஜெஸீமாவும் சிரித்தாள். ஆங்கிலம் தெரியாது என்று எப்போதும் சொல்லும் ஜெஸீமா.

நான் வசனத்தைச் சோதித்தேன். பிழை இல்லை. "நல்லம்" என்றேன். வேறு என்ன சொல்ல?

பழக்கம் லேசில் போகுமா? சில நாளில் ஒரு வரியில் நின்றுவிடுவேன். நஸ்ரின் டீச்சர் தொண்டையைச் செருமுவார். மீண்டும் நின்றால், "சேர், யான மறுகா என்ன செஞ்ச?" என்பார். ஜெஸீமா அந்தக் கதையை அவருக்கும் சொல்லியிருந்தாள். நோன்பு முடியும்போது சாக்கு அடி கண்டிருந்தது. பரீதா ஊசி கோத்துக்கொண்டே எங்கள் இருவரோடும் ஆங்கிலத்தில் சண்டை பிடிக்கத் தொடங்கியிருந்தாள். என்னோடுதான் அதிகம்.

மீண்டும் கண்ணாடிக் கதவு

இரண்டாம் முறை நான் மாலுபாண் வாங்கவில்லை. கண்ணாடிக் கதவைப் பார்த்தபடி தெரிந்த துஆ எல்லாம் ஓதினேன். ஜெஸீமா என் கையைப் பிடித்திருந்தாள். அதற்கு முன் பொது இடத்தில் அவள் என் கையைப் பிடித்தது எனக்கு நினைவில் இல்லை. அவ்வளவு பயம் அவளுக்கு.

பரீதா வந்தாள். கண் சிவந்திருந்தது.

"அதே மனிசிதான்" என்றாள். "வீட்டைப் பத்திக் கேட்டா. சொன்னன். எங்கட ஊரில புருசன்தான் பொண்டாட்டி வீட்டுக்கு வருவாரு எண்டன். அவக்கு அது புதுசு. இன்னும் சொல்லுங்க, இன்னும் சொல்லுங்க எண்டா. வாப்பா வீடு கட்டினது, மதில், பிலா மரம் எல்லாம் சொன்னன்."

"மறுகா?" என்றோம் நாங்கள் இருவரும்.

"அப்ப இப்ப நீங்க முதல்முதலா அவர்ட வீட்டுக்குப் போகப் போறீங்க, எப்பிடி இரிக்கி எண்டு கேட்டா."

பரீதா ஜெஸீமாவைப் பார்த்தாள்.

"அங்க அவர் இருப்பாரு, சந்தோசம் எண்டு சொன்னன். காலைல கதவத் திறந்தா மதிலுக்கு அங்கால ராத்தா இரிக்கமாட்டா, அதுதான் பயம் எண்டு சொன்னன். முழு வசனமாச் சொன்னன் மச்சான்."

ராத்தாவும் தங்கையும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். நானும் அழுதேன். நடைபாதையில் போனவர்கள், நாங்கள் மூவரும் தோற்றுவிட்டோம் என்று நினைத்திருப்பார்கள்.

வானில் ஏறியபிறகு என்னால் அடக்க முடியவில்லை. "நான் தந்த ஒரு டசின் பதில்ல எது கேட்டாங்க?"

"ஒண்டும் கேக்கல்ல மச்சான்" என்றாள். அதற்குப் பிறகு, எனக்கு இரங்கியிருக்க வேண்டும், "நாக்கு மட்டும் உங்கடதான்" என்றாள்.

யன்னல்கள்

பரீதா சித்தியடைந்தாள். விசா வந்தது. பெட்டியில் இடியப்ப உரலும் கருவாட்டுத் தூளும் வைத்துக் கட்டினோம். வாப்பா கட்டின வீட்டைப் பூட்டி, அதன் திறப்பை ராத்தாவின் கையில் கொடுத்துவிட்டு, எங்கள் வளவிலிருந்து புருசன் வீட்டுக்குப் போன முதல் பெண்ணாக அவள் போனாள். றபீக் விமான நிலையத்தில் இரண்டு கோப்பைகளில் ஒன்றைக் கையோடு கொண்டுவந்து, சுடச்சுடத் தேத்தண்ணியோடு நின்றாராம்.

இப்போது நானும் நஸ்ரின் டீச்சரும் அவளுடைய விறாந்தையில்தான் வகுப்பு நடத்துகிறோம். சாக்கு டீச்சருடையது, ஒரு பக்கம் என்னுடையது. சண்டை பொது. ஜெஸீமா தினமும் காலையில் போய் அந்த வீட்டின் யன்னல்களைத் திறப்பாள், அந்தித் தொழுகையான மஃரிபுக்கு முன் மூடுவாள். ஆள் இல்லாத வீட்டுக்குக் காற்று எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். அவள் அடுத்த யன்னலுக்குப் போனாள். அதன்பிறகு கேட்கவில்லை.

சில நாட்களுக்கு முன் வட்ஸ்அப்பில் பரீதாவின் குரல் வந்தது. எனக்குத்தான் அனுப்பியிருந்தாள். பின்னால் மழைச் சத்தம்.

"மச்சான், அஸ்ஸலாமு அலைக்கும். இண்டைக்குப் பக்கத்து வீட்டு மனிசி கதைச்சா. நீங்க எங்க இரிக்கிறீங்க எண்டு கேட்டா. நான் என்ன சொன்னன் தெரியுமா?"

கொஞ்சம் மூச்சு எடுத்தாள். பிறகு மெதுவாக, ஒவ்வொரு எழுத்தையும் நான் வைக்கச் சொன்ன இடத்தில் வைத்துச் சொன்னாள்:

"ஐ லிவ் இன் மை ஹஸ்பண்ட்ஸ் ஹவுஸ்."

"இப்ப பொய் இல்ல மச்சான்" என்றாள். அத்தோடு குரல் நின்றுவிட்டது.

ஜெஸீமா குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த வசனத்தை நான் அவளுக்கு மொழிபெயர்க்கத் தேவையில்லை. மீன் அரிந்தபடி ஒரு மாதம் அவளும் சொன்ன வசனம். கையைத் துடைத்துக்கொண்டு, திறப்பை எடுத்துக்கொண்டு, மதிலைச் சுற்றி அந்தப் பக்கம் போனாள். ஏற்கனவே திறந்திருந்த யன்னல்களை மறுபடி ஒவ்வொன்றாகத் திறக்கும் சத்தம் கேட்டது.

நான் என் கதிரையில் இருந்து அந்தக் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். பதில் அனுப்ப வேண்டும். என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஒரு பிழையாவது இருந்திருந்தால், திருத்துகிற சாட்டில் அவளோடு கொஞ்ச நேரம் கதைத்திருப்பேன். ஒரு பிழையும் இல்லை.